கூலியில்லா வேலையும் சொந்தக் கூரையும்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் தன்னார்வப் பணி வரலாறு

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஊதியமில்லா உழைப்புக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, சட்டத்தின் பெயரால் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட உழைப்பு. மற்றொன்று, தம் மக்களுக்காக அவர்கள் தாமே முன்வந்து செய்த உழைப்பு. அந்நாட்டின் தொண்டு நிறுவனங்கள், தீயணைப்புப் படைகள், மருத்துவமனைகள் ஆகியவை பூர்வகுடிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்க்க இன்று முயல்கின்றன. அவர்கள் அவமதிக்கப்படாமல், தம் வழக்கங்களை வாசலில் கழற்றி வைக்காமல் பணியாற்றும் சூழலுக்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர். இந்த முயற்சி ஏன் தேவைப்பட்டது, ஏன் பல இடங்களில் தடுமாறுகிறது என்பதை அந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. இனக்குழுக்கள் பலவாக இருந்தாலும் உறவுமுறைக் கடமை எங்கும் வாழ்க்கையின் முதுகெலும்பாக இருந்தது. வேட்டையில் கிடைத்த இறைச்சியில் எந்தத் துண்டு யாருக்கு, பெற்றோர் இல்லாத குழந்தையை யார் வளர்ப்பது, முதியவருக்கு யார் விறகு கொண்டுவருவது என்பதையெல்லாம் உறவுமுறையே தீர்மானித்தது. இதைச் செய்தவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. செய்யாமல் விட்டவரே வெட்கப்பட வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு ஓய்வு நேரத்தில் உதவுவது என்ற ஐரோப்பியத் தொண்டுக் கருத்து இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பாதுகாப்புச் சட்டங்கள்’ வந்தன. விக்டோரியா 1869லும், குயின்ஸ்லாந்து 1897லும், மேற்கு ஆஸ்திரேலியா 1905லும், நியூ சவுத் வேல்ஸ் 1909லும் இவற்றை இயற்றின. பெயரில்தான் பாதுகாப்பு இருந்தது. பூர்வகுடிகள் எங்கே வசிக்கலாம், யாரை மணக்கலாம், எங்கே வேலை செய்யலாம் என்பதையெல்லாம் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மிஷன்களிலும் அரசுக் குடியிருப்புகளிலும் வேலைக்குக் கூலியாக மாவும் சர்க்கரையும் தேயிலையும் அளந்து கொடுக்கப்பட்டன. கால்நடைப் பண்ணைகளில் மாடு மேய்த்தவர்களுக்கும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் ஊதியம் எழுதப்பட்டது உண்டு. ஆனால் அது அரசின் கணக்குக்குப் போனது, பலருக்குத் திரும்பி வரவே இல்லை. இந்தத் ‘திருடப்பட்ட கூலி’ தொடர்பாகக் குயின்ஸ்லாந்து அரசு 2019இல் 190 மில்லியன் டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர்.

குழந்தைகளைப் பிரித்த கதை இதோடு பிணைந்தது. 1915இல் கொண்டுவந்த திருத்தத்தால், நீதிமன்ற விசாரணை இல்லாமலே பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து எடுத்துச் செல்லும் அதிகாரம் நியூ சவுத் வேல்ஸ் வாரியத்துக்குக் கிடைத்தது. சிறுமிகள் கூட்டமண்ட்ரா இல்லத்துக்கும் சிறுவர்கள் கின்செலா இல்லத்துக்கும் அனுப்பப்பட்டனர். சிறுமிகளுக்கு அங்கே தரப்பட்ட பயிற்சியின் நோக்கம் வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்காரிகளை உருவாக்குவது. வீடு சுத்தமாக இருக்கிறதா, அலமாரியில் உணவு இருக்கிறதா என்று பார்க்க நல்லெண்ணத்தோடு வந்த திருச்சபைப் பெண்களும் நலச்சங்கத்தாரும் எழுதிய ஒரு குறிப்பே ஒரு குழந்தையின் விதியை மாற்றக்கூடியதாக இருந்தது. எனவே தொண்டர் என்ற சொல் பூர்வகுடிக் குடும்பங்களில் அன்பை மட்டும் நினைவூட்டவில்லை. 1997இல் வெளியான ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை இந்தப் பிரிவினையை நாட்டுக்கு முன் வைத்தபோது, தொண்டு நிறுவனங்கள் பலவும் தம் பழைய பதிவேடுகளைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. இன்று அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் ‘எங்களோடு சேர்ந்து தொண்டு செய்ய வாருங்கள்’ என்று அழைக்கும்போது அழைக்கப்படுபவரின் பாட்டியின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கக்கூடும்.

பூர்வகுடிகளின் சொந்தச் சங்கங்கள் இந்த இருண்ட காலத்திலேயே முளைத்தன. 1924இல் ஃப்ரெட் மேனார்ட் சிட்னியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பூர்வகுடி முன்னேற்றச் சங்கம் முன்னோடி. அவர் துறைமுகத் தொழிலாளி. மெல்பர்னில் வில்லியம் கூப்பர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு பூர்வகுடிக் கழகத்தை நடத்தினார். மிஷனில் இருந்திருந்தால் முதியோர் உதவித்தொகை கிடைத்திருக்காது என்பதற்காக அவர் ஊரை விட்டு ஃபுட்ஸ்கிரே என்ற தொழிலாளர் புறநகருக்கு வந்தவர். அந்தச் சிறு தொகையிலிருந்தே கழகத்தின் கடிதங்களுக்குத் தபால்தலை வாங்கினார். 1938 டிசம்பர் 6 அன்று நாஜிகள் யூதர்களைத் தாக்கியதைக் கண்டித்து மெல்பர்னிலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலமாகச் சென்றதும் இந்தக் கழகமே. தன் நாட்டிலேயே குடியுரிமை முழுதாகக் கிடைக்காத மக்கள் வேறொரு கண்டத்து மக்களுக்காக நடந்த நடை அது.

அதே 1938இல், ஜனவரி 26 அன்று, வெள்ளையர் தம் குடியேற்றத்தின் நூற்றைம்பதாம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, வில்லியம் ஃபெர்கசனும் ஜாக் பேட்டனும் சிட்னி எலிசபெத் தெருவில் துக்க நாள் மாநாட்டைக் கூட்டினார்கள். பூர்வகுடி வம்சத்தினர் மட்டுமே அதற்கு அழைக்கப்பட்டனர். வெளியாரை அவர்கள் வெறுத்ததாக இதற்குப் பொருளில்லை. அரங்கில் யாரையும் பார்த்துத் தயங்காமல் பேசுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பிற்காலத்துப் பண்பாட்டுப் பாதுகாப்புச் சிந்தனையின் மையமான கருத்து அன்றே அந்த அழைப்பிதழில் செயலாக இருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், குமராகுஞ்சா குடியிருப்பின் நிர்வாகத்தைச் சகிக்க முடியாமல் அங்கிருந்த ஏறத்தாழ 200 பேர் மர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் பின்னர் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் குடியேறி அங்கிருந்த சங்கங்களின் ஆணிவேரானார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளையரும் பூர்வகுடிகளும் சேர்ந்த அமைப்புகள் பெருகின. சிட்னியில் பெர்ல் கிப்ஸும் ஃபெய்த் பேண்ட்லரும் 1956இல் தொடங்கிய ஆபரிஜினல்–ஆஸ்திரேலியத் தோழமைச் சங்கம், விக்டோரியாவில் 1957இல் தோன்றிய பூர்வகுடி முன்னேற்றக் கழகம், 1958இல் அடிலெய்டில் உருவான நாடு தழுவிய கூட்டமைப்பு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கையொப்பம் திரட்டி, வீடு வீடாகச் சென்று, பத்தாண்டு உழைத்து இவர்கள் கண்ட பலன், பூர்வகுடிகள் தொடர்பாக அரசியலமைப்பைத் திருத்த நடந்த 1967 மே 27 பொதுவாக்கெடுப்பு. 90.77 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தனர். ஆஸ்திரேலிய வரலாற்றில் இத்தகைய வெற்றி வேறெந்தப் பொதுவாக்கெடுப்புக்கும் கிடைத்ததில்லை.

வெற்றிக்குப் பிறகுதான் உள்ளே இருந்த கசப்பு வெளிவந்தது. கூட்டங்களை நடத்தும் விதிகள், நடவடிக்கைக் குறிப்பு, நிதிக்கணக்கு, செய்தித்தாள் தொடர்பு எல்லாம் படித்த வெள்ளையர்கள் கையில் இருந்தன. மேடையில் பேசுவதும் அனுபவத்தைச் சொல்வதும் பூர்வகுடிகளின் பங்காயிற்று. கூட்டமைப்பின் 1970 ஈஸ்டர் மாநாட்டில், வாக்களிக்கும் உரிமை பூர்வகுடிகளுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் மட்டும் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் தோற்றது. கவிஞர் ஊட்ஜெரூ நூனக்கலும் போதகர் டக் நிக்கோல்ஸும் பிரிந்து சென்று தேசியப் பழங்குடிப் பேரவையைத் தொடங்கினர். விக்டோரியாவின் முன்னேற்றக் கழகமும் ஏறக்குறைய அதே காலத்தில் பூர்வகுடித் தலைமைக்கு மாறியது. பல வெள்ளைத் தொண்டர்கள் மனம் புண்பட்டார்கள். தங்கள் வாழ்நாளைக் கொடுத்துவிட்டோமே என்று அவர்கள் வருந்தியது பொய்யில்லை. ஆனால் உதவியவருக்கு அதிகாரமும் உரியது என்ற எண்ணத்தை அந்தப் பிளவு உடைத்தது. அது தேவையான உடைப்பு.

அடுத்த கட்டம் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் நிகழ்ந்தது. ஊர்ப்புறக் குடியிருப்புகளிலிருந்து வேலை தேடி வந்த பூர்வகுடிகள் அங்கே நெரிசலான வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். எம்ப்ரஸ் விடுதியிலிருந்து இரவில் வெளிவருவோரைக் காவலர்கள் வண்டியில் ஏற்றிச் செல்வது அன்றாட நிகழ்ச்சி. எழுதப்படாத ஊரடங்கு ஒன்று பூர்வகுடிகளுக்கு மட்டும் இருந்தது. பால் கோ, கேரி வில்லியம்ஸ், கேரி ஃபோலி முதலிய இளைஞர்கள் குறிப்பேடும் பேனாவும் கொண்டு தெருவில் நின்று எந்தக் காவலர், எத்தனை மணிக்கு, யாரைப் பிடித்தார் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளோடு அவர்கள் அணுகியவர் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் தலைவர் ஹால் வூட்டன். அவர் வழக்கறிஞர்களைத் திரட்டினார். 1970இல் தொடங்கிய பூர்வகுடிச் சட்ட உதவி மையம், தெருவோரக் கடையறையில் இலவசச் சட்ட உதவி என்ற முறையையே ஆஸ்திரேலியாவுக்கு அறிமுகம் செய்தது. வழக்கறிஞர்கள் முறை வைத்து ஊதியமின்றி வந்தார்கள். எந்த வழக்கு, எந்த ஆள் என்பதை ரெட்ஃபர்ன் மக்கள் சொன்னார்கள். வெளியார் திறமையைத் தந்தார்கள், வேலையின் திசையை உள்ளூரார் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் எத்தனையோ கையேடுகள் பல பக்கங்களில் விளக்க முயன்ற ஏற்பாடு இதுதான்.

சட்ட உதவிக்காக வீடுகளுக்குச் சென்ற கள அலுவலர் கார்டன் பிரிஸ்கோ வேறொன்றையும் கண்டார். நோய் முற்றிக் கிடந்தவர்கள் மருத்துவமனைக்குப் போக மறுத்தார்கள். காத்திருப்பு அறையில் கடைசியாக அழைக்கப்படுவதும், குடிகாரர் என்று முன்கூட்டியே முடிவு கட்டப்படுவதும், குழந்தையோடு போனால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயமும் அவர்களை வீட்டிலேயே படுக்க வைத்தன. பிரிஸ்கோ, ஷெர்லி ஸ்மித், டோரஸ் நீரிணைப் பூர்வீகம் கொண்ட செவிலியர் டல்சி ஃப்ளவர், கண் மருத்துவப் பேராசிரியர் ஃப்ரெட் ஹாலோஸ் முதலியோர் சேர்ந்து 1971 ஜூலையில் ரீஜென்ட் தெருவில் ஒரு கடையறையில் பூர்வகுடி மருத்துவ நிலையத்தைத் திறந்தனர். தொடக்கத்தில் மருத்துவர்கள் மாலை நேரத்தில் ஊதியமின்றி வந்துபோனார்கள். நாற்காலி முதல் மருந்து வரை கேட்டு வாங்கியவையே. வரவேற்பில் உட்கார்ந்தவர், நோயாளியை வீட்டிலிருந்து காரில் கூட்டி வந்தவர், குழந்தைகளுக்குக் காலை உணவு சமைத்தவர் எல்லோரும் பூர்வகுடிகள். மருத்துவருக்கு நோயாளியின் மொழி புரியாவிட்டாலும் வாசலில் இருந்தவருக்குப் புரிந்தது. 1972இல் நிர்வாகப் பொறுப்பேற்ற நவோமி மேயர்ஸ் அதை நாற்பது ஆண்டுகளுக்குக் கட்டி வளர்த்தார். ‘சஃபயர்ஸ்’ என்ற பாடல் குழுவில் பாடியவரும் அவரே. 2012இல் அதே பெயரில் வந்த படம் உலகெங்கும் ஓடியது, மருத்துவ நிலையத்தின் கதை அந்த அளவுக்குப் பரவவில்லை.

ஷெர்லி ஸ்மித்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கவ்ரா ஊருக்கு அருகில் எராம்பி மிஷனில் 1921இல் பிறந்த விராஜுரிப் பெண் அவர். வலிப்பு நோயால் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. சிறையிலிருந்த சகோதரரைப் பார்க்கப் போனவர், அவர் விடுதலையான பிறகும் மற்றக் கைதிகளைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தார். கைதிக்கு என்ன உறவு என்று காவலர் கேட்டால், ‘நான் அவன் அம்மா’ என்பது அவருடைய பதில். அதனால் ‘மம் ஷெர்ல்’ என்ற பெயரே நிலைத்தது. மாநிலத்தின் சிறைகளுக்குள் போய்வர அவருக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது, பின்னர் அது பறிக்கவும் பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்து வளர்த்தார். சட்ட உதவி மையம், மருத்துவ நிலையம், ரெட்ஃபர்னில் எழுந்த பூர்வகுடி வீட்டுவசதி நிறுவனம் எதன் தொடக்கத்தைத் தோண்டினாலும் அவர் பெயர் வருகிறது. எந்தத் தொண்டு நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தையும் நிரப்பி அவர் தேறியிருக்க முடியாது என்பதை, படிவங்களை வடிவமைப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரெட்ஃபர்னின் முறை விரைவாகப் பரவியது. 1973இல் ஃபிட்ஸ்ராயின் கெர்ட்ரூட் தெருவில் ஆல்மா தோர்ப்பும் புரூஸ் மெக்கின்னஸும் மற்றவர்களும் விக்டோரியா பூர்வகுடி நலவாழ்வு மையத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காங்கிரஸ் என்ற பூர்வகுடி அமைப்பு பிறந்தது. குழந்தைகளைப் பிரிக்கும் பழைய கொடுமைக்கு மாற்றாக, மோலி டயர் விக்டோரியாவில் பூர்வகுடிக் குழந்தைப் பராமரிப்பு அமைப்பை 1977இல் நிறுவினார். அமெரிக்காவின் யாகிமா பழங்குடியினர் தம் குழந்தைகளைத் தாமே பராமரித்த விதம் அவருக்கு வழிகாட்டி. இன்று பூர்வகுடி மக்களே தேர்ந்தெடுக்கும் குழுவால் நடத்தப்படும் நலவாழ்வு நிலையங்கள் 140க்கும் மேல் உள்ளன. விளையாட்டிலும் இதே போக்கு. 1971இல் சிட்னி கேம்பர்டவுன் மைதானத்தில் தொடங்கிய ‘கூரி நாக்அவுட்’ ரக்பிப் போட்டியில் வென்ற அணியே அடுத்த ஆண்டுப் போட்டியைத் தன் ஊரில் நடத்த வேண்டும். கோப்பையோடு சேர்த்துச் சமையலும் தங்குமிடமும் கணக்கு வழக்கும் அந்த ஊர்க் குடும்பங்களின் தலையில் ஏறும். அரை நூற்றாண்டாக இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் தன்னார்வலர் பதிவேட்டிலும் இல்லை.

பாலைவனப் பகுதிகளில் கதை வேறு திசையில் போனது. டென்னன்ட் கிரீக்கில் ஜுலாலிகாரி மன்றத்தின் இரவு ரோந்து 1980களின் நடுவில் தொடங்கியது. குடித்துச் சண்டையிடுபவரை உறவினரே அணுகிப் பேசி, வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவது அதன் வழி. காவல் நிலையத்தின் அறையில் ஒரு பூர்வகுடி இறக்கும் வாய்ப்பை அது குறைத்தது. 1987 முதல் 1991 வரை நடந்த காவல் மரணங்கள் பற்றிய அரச ஆணையம் 339 பரிந்துரைகளை வழங்கிய காலம் அது. யுவெண்டுமுவில் 1990களின் தொடக்கத்தில் வார்ல்பிரி மூதாட்டியர் தடியோடு இரவில் தெருவில் நடந்தார்கள். தடி அடிப்பதற்காக அல்ல, அதிகாரத்தின் அடையாளம். பேரனை அடக்கப் பாட்டிக்கு உள்ள உரிமை காவலருக்குக் கிடையாது. யார் யாரை அதட்டலாம், யாரோடு பேசவே கூடாது என்பதை உறவுமுறை வகுத்திருந்தது. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாத இடத்தில் இருவரையும் ஒரே வண்டியில் பணிக்குப் போட முடியாது. இந்த விதிகளை அறிந்தவர் வரிசைப் பட்டியல் போட்டபோது ரோந்து நடந்தது. அதே ஊரில் 1994இல் பெட்ரோல் முகரும் இளைஞர்களை வெகுதொலைவிலுள்ள மவுண்ட் தியோவுக்கு அழைத்துச் சென்று முதியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் யுவெண்டுமுவில் அந்தப் பழக்கம் மறைந்தது.

2007இல் மத்திய அரசு, இந்த ஊர்கள் உள்ள வடக்குப் பிரதேசத்தின் பூர்வகுடிச் சமூகங்களில் அவசரத் தலையீடு செய்தது. அடுத்த ஆண்டில் சிறு மன்றங்கள் கலைக்கப்பட்டுப் பெரிய வட்டார மன்றங்கள் வந்தன. ரோந்துகளுக்கு நிதி கூடியது, சீருடையும் வாகனமும் வந்தன, ஊரின் கட்டுப்பாடு போயிற்று. மூதாட்டியர் பலர் விலகினர். வேலைத்திட்டங்களிலும் இதையே காணலாம். 1977இல் தொடங்கிய சமூக வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஊரார் தங்கள் வேலையில்லாப் படியைச் சேர்த்து வைத்து, ஊர் மன்றம் முடிவு செய்த வேலைகளைச் செய்து ஊதியமாகப் பெற்றார்கள். குறைகள் உண்டு என்றாலும் வேலை அவர்களுடையதாக இருந்தது. அது படிப்படியாக ஒழிக்கப்பட்டபின் 2015இல் வந்த புதிய திட்டம் உதவித்தொகைக்காக வாரத்துக்கு 25 மணி நேரம் வரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தியது. நகரத்தாரைவிட இது அதிகம். வராதவருக்கு அபராதம். ஊர்க் குழந்தைகளுக்குச் சமைப்பதும் முதியவரைக் கவனிப்பதும் ஒரு காலத்தில் விருப்பத்தோடு நடந்த வேலைகள், இப்போது வருகைப் பதிவேட்டில் கட்டாயம் ஆயின. ங்கான்யட்ஜாரா மக்கள் இனப்பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தனர். 2021 மே மாதத்தில் கட்டாய வேலை நிறுத்தப்பட்டது. தன்னார்வத்தை நிதானமாக அழிக்க வேண்டுமானால் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்குவதே எளிய வழி.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்து ஆஸ்திரேலியாவில் பிறந்ததல்ல. நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாப்பெட்டி ராம்ஸ்டன் அதன் ஆசான். 1988இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் செவிலியப் பயிற்சி பெற்றுவந்த மாவோரிப் பெண் ஒருவர், சட்டப் பாதுகாப்பு, நெறிப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டதிலிருந்து அது வளர்ந்தது. 1992இல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பிற பண்பாடுகளின் பழக்கவழக்கங்களை மனப்பாடம் செய்வதை ராம்ஸ்டன் ஏற்கவில்லை. சேவை தருபவர் தன் சொந்த அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் திரும்பிப் பார்க்க வேண்டும். சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990களில் செவிலியர் கல்வி வழியாக இக்கருத்து நுழைந்தது. 2020இல் சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஏற்ற வரையறையும் அந்த உரிமையைப் பூர்வகுடித் தனிமனிதர்க்கும் குடும்பங்களுக்கும் சமூகங்களுக்கும் வழங்கியது. நல்லிணக்கம் என்று அரை நாள் பயிற்சி நடத்தி, சுவரில் புள்ளி ஓவியம் ஒன்றை மாட்டி முடிக்கும் வழக்கத்திலிருந்து இது வெகுதூரம் விலகியது.

தன்னார்வத் துறைக்கு இது சங்கடமான அளவுகோல். முதலில் கணக்கெடுப்பிலேயே கோணல் இருந்தது. 2006இல் தான் ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முதலாகத் தன்னார்வப் பணி பற்றிக் கேட்டது. கேட்டதும் அமைப்பு அல்லது குழு வழியாகச் செய்ததை மட்டும். எட்டு பேரன் பேத்திகளையும் பக்கத்து வீட்டு முதியவரையும் பார்த்துக்கொண்டவர் கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் எழுத வேண்டியிருந்தது. இதை வைத்துப் பூர்வகுடிகள் குறைவாகத் தொண்டு செய்கிறார்கள் என்ற பொதுக்கருத்தும் வளர்ந்தது. துறையின் தலைமை அமைப்பான வாலண்டியரிங் ஆஸ்திரேலியா, பொதுநன்மைக்காக விரும்பித் தரும் ஊதியமில்லா நேரம் என்று தன் வரையறையை விரித்தது 2015இல் தான்.

வாசலில் நிற்கும் தடைகள் வேறு. குழந்தைகளோடு பணியாற்றுவோருக்கான சோதனையும் காவல்துறைப் பதிவுச் சோதனையும் 2000க்குப் பிறகு எல்லா மாநிலங்களிலும் நிலைபெற்றன. அவற்றின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் மக்கள்தொகையில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள பூர்வகுடிகள் சிறையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் நாட்டில், பழைய சிறு குற்றப் பதிவுகள் பலருக்குத் தடையாகின்றன. பிறப்புச் சான்றிதழே இல்லாத பெரியவர்களும் உண்டு. இதற்குப் பயன்பட்ட வழிகள் எளிமையானவை. பதிவு இருந்தாலே நிராகரிக்காமல் என்ன குற்றம், எப்போது என்று பார்த்து முடிவெடுப்பது, சான்றிதழ் பெற உடனிருந்து உதவுவது, படிவத்துக்குப் பதில் உட்கார்ந்து தேநீரோடு பேசுவது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் உறவினர் பல நாள், சில நேரம் பல வாரம், துக்கத்தில் இருப்பார்கள். அந்த நாட்களில் பணிக்கு வராதவரை நம்பமுடியாதவர் என்று குறித்த அமைப்பு அவரைத் திரும்பப் பெறாது.

ஊதியமில்லாமை என்ற விதியே எங்கும் பொருந்தவில்லை என்பது முக்கியமான படிப்பினை. இன்றைய வடிவிலான வரவேற்புச் சடங்கை 1976இல் பெர்த்தில் ரிச்சர்ட் வாலியும் எர்னி டிங்கோவும், வந்திருந்த மாவோரி, குக் தீவுக் கலைஞர்களுக்காக நிகழ்த்தினர். பின்னர் நாடெங்கும் கூட்டங்களின் தொடக்கத்தில் மூத்தோர் வந்து வரவேற்புரை ஆற்றுவது வழக்கமாயிற்று. பல நிறுவனங்கள் இதை மூத்தோரின் தொண்டு என்று கருதிப் பணம் தரவில்லை, பேருந்துச் செலவைக்கூட. அதே மேடையில் பேச வந்த ஆலோசகருக்கு மட்டும் உறை காத்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வை மூத்தோர் சபைகள் எதிர்த்தபின் கட்டணம் என்பது பரவலான நடைமுறை ஆனது. பணியிடத்தில் பூர்வகுடி ஒருவர் இருந்தாலே அவர் எல்லாருக்கும் பண்பாட்டு ஆசானாகவும் குழு உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இதே வகை. பண்பாட்டு அறிவு தொழிலறிவுதான். அதற்கு விலை கேட்பதால் அன்பு குறைவதில்லை. பூர்வகுடி நிறுவனங்களின் இயக்குநர்களில் பலர் இன்றும் ஊதியமின்றியே சட்டப்பொறுப்பைச் சுமக்கிறார்கள். அந்தப் பெரிய தொண்டை வெளியார் கவனிப்பதில்லை.

பொது அமைப்பு ஒன்றுக்குள் பூர்வகுடிகள் தம் விதத்தில் இடம்பிடித்ததற்கு விக்டோரியாவின் லேக் டயர்ஸ் நல்ல சான்று. 1970 சட்டத்தால் தம் நிலத்தைத் திரும்பப் பெற்ற அந்தச் சமூகத்தில், 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடர்ந்து தீ வைப்புகள் நடந்தன. பெண்கள் மட்டுமே கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொண்டார்கள். மாநில ஊர்ப்புறத் தீயணைப்பு ஆணையம் வண்டியும் பயிற்சியும் தந்தது. யார் சேர்வது, எப்படி நடப்பது என்பதைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீடுகளும் நிலத்திலிருக்கும் முன்னோரின் தடங்களும் எரியாமல் காப்பது அவர்களுக்கு மாநிலத் தொண்டாக மட்டும் தோன்றவில்லை.

பூர்வகுடிகள் தாமே வழிநடத்திய பணிக்கு லிஸ்மோர் நகரம் சான்று. அங்கே 2022 பிப்ரவரி 28 அன்று ஆற்று வெள்ளம் 14 மீட்டருக்கும் மேலே ஏறியது. ஐந்து பண்ட்ஜலங் பூர்வகுடி அமைப்புகளுக்குச் சொந்தமான ‘கூரி மெயில்’ செய்தித்தாளின் அலுவலகமும் மூழ்கியது. ஊழியர்கள் தெருவிலேயே நிவாரண மையம் திறந்தார்கள். சமையல், உடை, மருந்து, துக்க ஆலோசனை எல்லாம் அங்கே கிடைத்தன. கபேஜ் ட்ரீ தீவு உள்ளிட்ட துண்டிக்கப்பட்ட பூர்வகுடி ஊர்களுக்கும் பொருட்கள் போயின. வந்தவர் பூர்வகுடியா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முடிவுகளைப் பூர்வகுடிகள் எடுத்தார்கள். உதவ வந்த வெள்ளைத் தன்னார்வலர்கள் முதலில் அவர்களிடம் பணியைக் கேட்டறிந்தார்கள். அரசு நிதி வருமுன்பே அது இயங்கியது.

2020 ஜூலையில் அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் கையெழுத்திட்ட ஏற்றத்தாழ்வு ஒழிப்பு ஒப்பந்தம், அரசு நிறுவனங்கள் பண்பாட்டுப் பாதுகாப்பு உள்ளவையாக மாற வேண்டும் என்று கேட்டது. 2023இல் வெளிவந்த பத்தாண்டுத் தேசியத் தன்னார்வத் திட்டம் தொண்டுத் துறைக்கும் பூர்வகுடிச் சமூகங்களின் பங்கை முன்வைத்தது. முந்தைய அனுபவம் சொல்வது ஒன்று: பூர்வகுடிகள் வந்து பணியாற்றிய இடங்களில் பல அவர்கள் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையாக இருந்த இடங்கள். பெரும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் அந்த இடங்களை இன்னும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.